பூனையை விரட்டுவதா, மண்ணை மூடுவதா?

என் மகள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையில் பின்பக்கம் போய், சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே கீரைப் பாத்தி ஓரம் உட்கார்ந்து களை பிடுங்கினாள். மண்ணைக் கிளறிய கையில் பூனைப் பீ. அதுவரை பக்கத்து வீட்டுப் பூனைகள் தோட்டத்துக்கு வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நான், அன்றைக்குப் பயந்து போனேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். எல்லாப் பூனையிடமும், எல்லா நாளும் இருப்பதில்லை. முதல் தடவை தொற்று வந்த பூனை ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை அதை வெளியேற்றும். மண்ணில் விழுந்த முட்டை ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் தொற்றக்கூடியதாக மாறி, ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் கிடக்கும். நம்மில் பலருக்கு அது வந்து போனதே தெரியாது. கர்ப்பிணிக்குப் புதிதாக வந்தால்தான் ஆபத்து. வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். கையுறை போடாமல் மண்ணைத் தொடக் கூடாது, கீரையை நன்றாகக் கழுவ வேண்டும் என்று மகளைப் பார்க்கும் டாக்டரம்மா சொன்னார். கீரையைக் கழுவலாம். ஆனால் அந்தப் பாத்தியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில். பின்னால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மூன்று கீரைப் பாத்தி. மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, தக்காளி என்று நாற்பது பைகள். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். ஒரு பக்கம் சிமெண்ட் ஷீட் கூரை எங்கள் மதிலை ஒட்டியே நிற்கிறது. வடசென்னையில் பாதி வீடுகள் இப்படித்தான். கடந்த இரண்டரை வருடத்தில் பலர் சொன்ன வழிகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எது எங்கே செல்லும், எது செல்லாது என்று இப்போது எனக்கு ஒரு முடிவு இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் வருவது யார் என்று பாருங்கள். நான் செய்தது, ராத்திரி படுக்கப் போகும் முன் பாத்தியைச் சுற்றியும் மாடிப்படி வாசலிலும் கோலமாவை மெல்லிசாகத் தூவியதுதான். பூனைத் தடம் வட்டமாக, நான்கு விரலோடு, நகம் பதியாமல் இருக்கும். பெருச்சாளித் தடத்தில் நகக் கீறல் தெரியும். அதோடு வளை வாசலில் புது மண் குவிந்து கிடக்கும். பூனை தோண்டினால் கழித்துவிட்டு மூடும். குழியைத் திறந்தே போட்டு, வேரையும் கடித்திருந்தால் அது பூனை இல்லை. எங்கள் பின்பக்கத்தில் நான் பூனைமேல் போட்ட பழியில் பாதி பெருச்சாளியுடையது என்று மூன்றாவது ராத்திரி தெரிந்தது. மாடிக்குப் பூனைகள் ஷீட் கூரை வழியாக வருவதில்லை, எங்கள் படிக்கட்டு வழியாகத்தான் ஏறுகின்றன என்பதும் தெரிந்தது. படிக்கட்டின் மேல்கதவைச் சாத்தியதும் மாடிப் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது.

அடுத்தது, அவற்றை நாமே அழைக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பூனை கழிக்க விரும்புவது உலர்ந்த, இளகிய மண். திருவொற்றியூரின் கடல் மணல் அதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. மாடிப் பைகளில் நாம் போடும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சேர்ந்த கலவை அதைவிட மெத்தென்று இருக்கும். அதன்மேல் மீன் அமிலம் வேறு. காசிமேட்டிலிருந்து மீன் கழிவு வாங்கி, சம அளவு வெல்லம் போட்டு 21 நாள் ஊறவைத்துத் தெளிக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. நன்றாக நொதித்தால் பழவாசனைதான் வரும், உண்மை. ஆனால் பூனையின் மூக்குக்கு அதற்குள் இருக்கும் மீன் தெரிந்துவிடுகிறது. தெளித்த அன்று ராத்திரி தடங்கள் இரட்டிப்பாக இருந்தன. எலும்புத் தூள் நாயையும், கடலைப் புண்ணாக்கு பெருச்சாளியையும் கூப்பிடும். நான் வேப்பம் புண்ணாக்குக்கு மாறிவிட்டேன். மீன் அமிலத்தைப் பூனை ஏறாத மாடிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாத்தியில் தானாக முளைக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. அதன் வேர் வெளியே தெரிந்தால் பூனை அதை முகர்ந்து, அதன்மேல் புரண்டு, மயங்கினதுபோல் கிடக்கும். களை பிடுங்கிப் பாத்தி ஓரமே போட்டுவிட்டு வந்தால் விருந்து வைத்த மாதிரிதான். குப்பைமேனியைப் பிடுங்கினால் உடனே தோட்டத்தைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது வாசனை. ஆரஞ்சுத் தோல், காபித் தூள், மிளகாய்த் தூள், ரசகற்பூரம், பினாயில். ஆரஞ்சுத் தோலால் கெடுதல் இல்லை. இரண்டு நாள் வேலை செய்யும், காய்ந்ததும் பூனை அதன்மேலேயே நடக்கும். காபித் தூள் நாய்க்கு ஆகாது. மிளகாய்த் தூள் பூனையின் பாதத்தில் ஒட்டி, அது நக்கும்போது கண்ணுக்கும் வாய்க்கும் போகும். நம் கைக்கும்தான். ரசகற்பூரத்தையும் பினாயிலையும் வேண்டவே வேண்டாம் என்பேன். ரசகற்பூரத்தில் இருப்பது நாப்தலின். மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டால் ரத்த அணுக்கள் உடையலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த ஆபத்து அதிகம். பினாயில் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; காலில் பட்டதை நக்கினாலே நோவுபடும். கீரை விளையும் மண்ணில் இந்த இரண்டையும் கொட்ட யாருக்கும் மனம் வரக் கூடாது.

கருவிகளில் இரண்டு உண்டு. ஆள் அசைவைக் கண்டதும் தண்ணீர் பீய்ச்சுவது ஒன்று. நன்றாக வேலை செய்யும் என்று பிற ஊர்களில் இருப்பவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதற்கு ராப்பகலாகக் குழாயில் அழுத்தம் வேண்டும். மெட்ரோ தண்ணீர் சம்ப்புக்கு வந்து, மோட்டார் போட்டு ஏற்றுகிற தெருவில், 2019 கோடையைப் பார்த்த யாருக்கும் பூனை மேல் பீய்ச்சத் தண்ணீர் ஒதுக்க மனம் ஒப்பாது. இன்னொன்று காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டி. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு 60க்கு மேலும் கேட்கும் என்பதை வைத்துச் செய்தது. பிரிட்டனில் 2006இல் வந்த ஓர் ஆய்வில், இந்தப் பெட்டி வைத்த தோட்டங்களுக்குப் பூனை வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குறைந்தது, நிற்கவில்லை. அதோடு நாய்க்கும் அந்த ஒலி கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அடுத்த வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைத்தால் அந்தச் சண்டை நம் வீட்டுக்குத்தான் வரும்.

எல்லையை அடைப்பது அடுத்த வழி. வளர்ந்த பூனை தன் உயரத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு தாவும். ஐந்தடி மதில் அதற்கு ஒரு படி மாதிரி. மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். பந்து எடுக்க ஏறுகிற பிள்ளைகளின் கைதான் முதலில் கிழிகிறது. கயிற்றில் பிவிசி குழாயைக் கோத்து மதில் உச்சியில் உருள விடுகிற முறை காயப்படுத்தாது. பூனை கால் வைத்ததும் உருண்டு கீழே இறங்கிவிடும். வருவது ஒரே சுவர் வழியாக என்றால் இது நல்லது. எங்களுக்கு மூன்று சுவரும் ஒரு கூரையும், கட்டுப்படியாகவில்லை.

மாடி முழுக்கப் பந்தல் போட்டு வலை கட்டுவதும் இதே வகைதான். பூனை, புறா, காக்கா, அணில் எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தும் வழி இது ஒன்றுதான். ஆனால் செலவு அதிகம், காற்று அதைவிட அதிகம். நாங்கள் பாதி மாடிக்குக் கட்டியிருந்த பச்சை நிழல்வலை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் குழாயோடு பெயர்ந்து, இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்தது. யார் மேலும் படாதது எங்கள் நல்ல நேரம். இப்போதும் பந்தல் போடுவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அக்டோபர் பிறந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்டி வைக்கிற மாதிரி கட்டுங்கள்.

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. எல்லையை விட்டுவிட்டு மண்ணை மூடினேன். பூனை தோட்டத்துக்குள் நடந்து போவதில் நமக்கு என்ன நஷ்டம்? தோண்டுவதும் கழிப்பதும்தான் நஷ்டம். தோண்ட முடியாத மண்ணைப் பூனை சீண்டுவதில்லை. இதைப் புரிந்துகொண்டதும் வேலையும் செலவும் பாதியாகிவிட்டன.

முதலில் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் கோழிவலை வாங்கி, விதை தூவிய பாத்திமேல் படுக்கையாக விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தேன். கீரை வலைக்கண் வழியாகவே முளைத்து வந்தது, மேலாக அறுத்துக்கொண்டோம். அருமையாக இருந்தது. ஆனால் உப்புக்காற்று அதை விடவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் கம்பி துருப்பிடித்து, பொடிந்து மண்ணில் கலந்தது. மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோழிவலை இன்னும் பல வருடம் உழைக்கலாம். கடலோரம் இருப்பவர்களுக்கு வேறு வழி, நம் கண்முன்னேயே இருக்கிறது: பழைய மீன்வலை. கிழிந்து கடலுக்கு ஆகாத நைலான் வலையைக் காசிமேட்டில் எடைக்குக் கொடுப்பார்கள். உப்புக்கும் வெயிலுக்கும் பழகிய பொருள். சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போட்டு, நன்றாக அலசி, மீன் வாடை போகக் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூனைக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதையாகும். பாத்தியின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, மண்ணிலிருந்து அரையடி உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். தொய்வாக விட்டால் குருவியும் ஓணானும் சிக்கிக்கொள்ளும். நான் ஒரு தடவை அப்படி விட்டு, ஒரு மைனாவின் காலை அரை மணி நேரம் கத்தரிக்கோல் வைத்து விடுவித்தேன். இன்றும் மறக்க முடியவில்லை. வலை, குச்சி, கயிறு எல்லாம் சேர்த்து மூன்று பாத்திக்கும் எனக்கு 600 ரூபாய்கூட ஆகவில்லை.

கத்தரி, மிளகாய் போல இடைவெளி விட்டு நடுகிற செடிகளுக்கு வலை வேண்டியதில்லை. காய்ந்த சருகு மூடாக்கின்மேல் கொட்டாங்குச்சியை நெருக்கமாகக் கவிழ்த்து வைத்தால் போதும். கவிழ்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தேங்கும், டெங்கு கொசு அதில்தான் முட்டை இடும், பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறக்கும். மாடிப் பைகளுக்கு அரை அங்குல ஜல்லியை ஒரு வரிசை பரப்பினேன். ஈரமும் காயாமல் நிற்கிறது, காக்கா நார்க்கழிவைப் பிய்த்துக் கூடு கட்டக் கொண்டு போவதும் நின்றது. காகிதப்பூ முள்ளை வெட்டிப் போடலாம் என்றும் சொல்வார்கள். பூனைக்கு முன்னால் நம் விரலைத்தான் அது குத்துகிறது.

ஆனால் மண்ணை மட்டும் மூடினால் பூனை எங்கே போகும்? நம் பாத்தியிலிருந்து எதிர்வீட்டுத் தொட்டிக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் இரண்டாவது வேலையையும் கூடவே செய்ய வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு ஆயாதான் ஐந்து பூனைகளுக்கும் சோறு போடுகிறவர். மீன் தலையை மதில்மேல் வைத்துவிடுவார். ஒருநாள் போய் உட்கார்ந்து, மகள் விஷயத்தைச் சொன்னேன். "நான் இன்னாம்மா பண்றது, வாயில்லா ஜீவன், தொரத்துனா எங்க போவும்?" என்றார். "தொரத்த வேணாம் ஆயா, அதுக்கு ஒரு எடம் பண்ணிக் குடுக்கலாம்" என்றேன். உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்றில் முக்கால் அளவு காய்ந்த மணல் நிரப்பி, மழை படாமல் அவர் வீட்டு ஷீட்டுக்கு அடியில் வைத்தோம். முதல் நாள் எங்கள் பாத்தியில் கிடந்ததையே கொஞ்சம் அதில் புதைத்தோம், இடம் அடையாளம் தெரியட்டும் என்று. நான்கு நாளில் பழகிவிட்டன. ஆயா தினமும் கரண்டியால் அள்ளிக் குப்பையில் போடுகிறார். முட்டை தொற்றாக மாறவே ஒரு நாளாவது ஆகும் என்பதால், அன்றன்றைக்கு அள்ளுவது பெரிய பாதுகாப்பு. மீன் தலையும் மதிலிலிருந்து வாசல் பக்கத்துக்கு மாறியது.

கூடவே கருத்தடை. பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று ஈனும். பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்பவர்கள், காலியான இடத்துக்குப் புதுப் பூனை வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சோறு கிடைக்கிற இடம் காலியாகவே இருக்காது. கருத்தடை செய்த பூனைகள் அதே இடத்தைக் காத்துக்கொண்டு, சண்டையும் ராத்திரிக் கத்தலும் குறைந்து, குட்டியும் போடாமல் இருக்கும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். நானும் ஆயாவின் பேரனும் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஆட்டோவில் கொண்டுபோய் மூன்றுக்குச் செய்துவிட்டோம். இரண்டு பாக்கி. பிடிக்கும்போது கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஸ்டான்லிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனைதானே என்று விடாதீர்கள்.

விஷம் வைப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. ஆனாலும் எங்கள் தெருவிலேயே அந்தப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெருச்சாளிக்கு வைக்கும் மருந்தும் அங்கேயே நிற்பதில்லை; அதைத் தின்று தள்ளாடுகிற பெருச்சாளியைப் பூனை பிடிக்கும், காக்கா கொத்தும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒட்டும் அட்டையும் வேண்டாம். அதில் அணிலும் பல்லியும் உயிரோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துடிப்பதைப் பார்க்க முடியாது.

பெருச்சாளிக்கு மட்டும் மண்ணை மூடும் கணக்கு செல்லாது. அது கீழிருந்து வருகிறது. சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரப்பும் என்பதால், மழைக்காலத்தில் பூனையைவிட இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷைப் பாத்தியைச் சுற்றி ஒன்றரையடி ஆழம் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஓர் அடி மடித்துப் புதைக்க வேண்டும். தோண்டிக்கொண்டு வருவது அந்த மடிப்பில் முட்டி நிற்கும். பிளாஸ்டிக் வலையை அது ஒரே ராத்திரியில் அறுத்துவிடும். கூண்டில் மசால்வடையோ கருவாடோ வைக்கலாம். ஆனால் சோற்றுக் குப்பையைத் திறந்து வைத்திருக்கும்வரை ஒன்று போனால் இன்னொன்று வரும். பூனைகள் இருந்தால் பெருச்சாளி வராது என்று ஆயா நம்புகிறார். முழுசாக வளர்ந்த பெருச்சாளியை எங்கள் பூனைகள் ஒதுங்கிப் போய்ப் பார்த்ததுதான் உண்டு.

மற்றவை சின்ன விஷயங்கள். அணில் கடிக்கும் தக்காளிக்கும் கொய்யாவுக்கும் பழைய துணிப்பை கட்டுங்கள். தெருவில் திரியும் ஆட்டுக்கு, பெயரிலேயே பதில் இருக்கிற ஆடாதொடையையும், அதோடு நொச்சியையும் வாசல் ஓரம் வேலியாக வையுங்கள். இரண்டையும் ஆடு சீண்டாது. மாடு உள்ளே வந்தால் மாநகராட்சியின் 1913க்குச் சொல்லலாம். மழையில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை ராத்திரி டார்ச் அடித்து, கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம், அதிலும் ஒட்டுண்ணி உண்டு.

ஆக, யாருக்கு எது? வாடகை வீட்டில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு ஜல்லி போதும், ஆணி அடிக்க வேண்டாம், வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம். படிக்கட்டு ஒன்றே வழி என்கிற மாடிக்கு ஒரு கதவு. அடுக்குமாடியில் எல்லாப் பக்கமும் திறந்த பெரிய மாடி, கையில் காசும் இருக்கிறது என்றால் கழற்றக்கூடிய பந்தல் வலை. எங்களைப்போல் சுவர் ஒட்டிய பின்பக்கத்துக்கு மீன்வலையும் மணல் தொட்டியும் சேர்த்து. ஒன்றை மட்டும் செய்தால் பாதிதான் பலன்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இப்போது ஓடி விளையாடுகிறது. பாத்தியில் கடைசியாக எப்போது கழிந்தது என்று நினைத்துப் பார்த்தால், பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை, வலை அவிழ்ந்திருந்த மூலையில். மதிலுக்கு அடியில் பெருச்சாளி வளை ஒன்று இன்னும் திறந்துதான் இருக்கிறது. மழைக்கு முன்னால் அதில் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைக்க, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாவின் பேரனை வரச் சொல்லியிருக்கிறேன்.